பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டில் சோயா சாஸ் வாடை: எத்தனை மார்க் போடுவது?

நேப்பர்வில் மாமா கேட்கிறார்:

சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறேன். பியரோடு பத்து வருடப் பழக்கம், ஆனால் மார்க் போடுவதில் இன்னும் எல்.கே.ஜி. தான். போன சனிக்கிழமை வீட்டில் நடந்த பஞ்சாயத்தைச் சொல்கிறேன், யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிகாகோ கூஸ் ஐலண்ட் கம்பெனியின் பர்பன் கவுன்ட்டி ஸ்டவுட், அதாவது பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய கரிய, கனமான பியர். அரை லிட்டர் பாட்டில் இரண்டு. ஒன்றின் லேபிளில் 2017, இன்னொன்றில் 2023. நானும் மனைவியும் நண்பர்கள் இருவரும். வாயைத் திறக்காமல் ஆளுக்கொரு சீட்டில் ஐந்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும், அப்புறம்தான் பேச்சு என்று ஏற்பாடு.

2023-இல் சிக்கல் இல்லை. ஊற்றும்போதே டிகாக்ஷன் நிறம், மேலே பழுப்பு நுரை கொஞ்ச நேரம் நின்று அடங்கியது. மூக்கருகே கொண்டுபோனதும் வெனிலா, பின்னாலேயே முற்றிய கொப்பரை. வாயில் கருப்பட்டிப் பாகு, பேரீச்சை, விழுங்கிய பிறகு நெஞ்சில் ஒரு சூடு. நான் 4.5 போட்டேன், மற்றவர்களும் அதையொட்டியே.

2017-இல்தான் சண்டை. முகர்ந்து பார்த்த மனைவி, மௌன விரதத்தை உடைத்து, "ஃப்ரைட் ரைஸ் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கு சோயா சாஸ் தவிர வேறெதுவும் வரவில்லை. 3.25 போட்டேன். நண்பர் ஒருவர் 4.75! "இத்தனை வருஷம் ஊறினது, இதெல்லாம் இனிமே கிடைக்குமா?" என்கிறார். கிடைக்காததற்கும் ருசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதில் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். 2017 பாட்டில்கள் முதல் மூன்று வருடம் பேஸ்மென்ட்டில் இருந்தன. வீடு மாறியபோது அந்தப் பெட்டி கராஜில் தங்கிவிட்டது, இரண்டு கோடை முழுக்க. தப்பு என்னுடையதுதான்.

இந்த சோயா வாடை வயதின் அழகா, கெட்டுப்போன அறிகுறியா? எனக்குப் பிடித்ததற்கு மார்க்கா, அந்த வகை எப்படி இருக்க வேண்டுமோ அதற்கு மார்க்கா? இன்னும் ஒரு 2017 மீதி இருக்கிறது. வைக்கவா, உடைக்கவா?

கெண்டக்கி தம்பி:

உடைங்க மாமா, இந்த வாரமே.

நான் லூயிவில்லில் இருக்கிறேன், பீப்பாய்க் கதை இங்கே தெருவுக்குத் தெரு கேட்கும். அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பர்பன் கண்ட பீப்பாயில் மறுபடி பர்பன் போட முடியாது. அதனால் 53 கேலன், நம் கணக்கில் 200 லிட்டர் பிடிக்கிற பீப்பாய்கள் வேலை முடிந்து வந்துகொண்டே இருக்கும். ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் வாங்குவார்கள், பியர்க்காரர்களும் வாங்குவார்கள். நீங்கள் சொன்ன வெனிலாவும் கொப்பரையும் அந்த மரத்தின் சொத்து. கருப்பட்டியும் பேரீச்சையும் பெரும்பாலும் மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து, வருபவை. நெஞ்சுச் சூட்டில் மரம் குடித்து வைத்திருந்த பர்பனுக்கும் பங்கு உண்டு.

கூஸ் ஐலண்டின் கிரெக் ஹால், ஜிம் பீம் பர்பன் குடும்பத்து புக்கர் நோவைச் சந்தித்து ஆறு பீப்பாய் வாங்கி வந்ததில்தான் இந்த பியர் பிறந்தது. 1992 என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1995தான் சரி என்று சிகாகோ பத்திரிகையாளர் ஒருவர் பின்னால் துருவி எழுதினார். அதை விடுங்கள்.

பீப்பாயில் இருக்கும்போது சிகாகோ வெயிலும் பனியும் அதற்கு நல்லது. சூட்டில் பியர் மரத்துக்குள் போகும், குளிரில் வெளியே வரும், வரும்போது சாரத்தையும் இழுத்து வரும். பாட்டிலுக்குள் இழுத்து வர மரம் ஏது? வெயில் பட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சப் பிராணவாயு வேகமாக வேலை செய்யும், அவ்வளவுதான். முதலில் ஷெர்ரி ஒயின், உலர் திராட்சை மாதிரி வரும், அது சுகம். அதையும் தாண்டினால் நனைந்த அட்டைப்பெட்டி. அடியில் மிஞ்சிய ஈஸ்ட் செத்துச் சிதையும்போது வருவதுதான் உங்கள் ஃப்ரைட் ரைஸ். இரண்டு கோடை கராஜ் என்றால் பேஸ்மென்ட்டில் பத்து வருடம் இருந்ததற்குச் சமம் என்று நானாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

புளிப்பு இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். 2015 வெளியீட்டில் சில பாட்டில்களில் லாக்டோபேசிலஸ் என்கிற புளிக்கவைக்கும் பாக்டீரியா புகுந்து, கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த வருடத்திலிருந்து கிருமி சாகும்படி சூடாக்கி பாஸ்ச்சுரைஸ் செய்கிறார்கள். ஆகவே உங்கள் 2017-இல் புளிப்பு வர வாய்ப்புக் குறைவு.

ஐம்பதுக்கு எத்தனை:

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கான போட்டிகளில் சில வருடமாக நடுவர் வேலை பார்க்கிறேன். மாமா, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே ஊற்றினீர்களா? "சில்லுனு" என்ற வார்த்தை இந்த பியருக்கு ஆகாது. நாலு டிகிரியில் நாக்கு மரத்துப்போகும், மணம் எழும்பாது. 13 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கட்டும். வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் 60 மில்லி போதும். ஊற்றியதும் ஒரு முறை, கால் மணி கழித்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். இரண்டு வேறு பியர் மாதிரி இருக்கும்.

மார்க் விஷயம். ஐந்துக்கு எத்தனை என்பது ஆப்பில் விரலால் தட்டுவதற்கு வசதி, சண்டை தீர்க்க உதவாது. நாங்கள் பயன்படுத்தும் பி.ஜே.சி.பி. (பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) தாளில் ஐம்பது மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தரும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். கருகருவென்று பளபளத்தால் மயங்கிவிடுகிறவர்களுக்கு அது நல்ல கடிவாளம். வயசுக்கு, அபூர்வத்துக்கு, வரிசையில் நின்ற நேரத்துக்கு என்று அந்தத் தாளில் கட்டமே கிடையாது. உங்கள் நண்பர் 4.75 கொடுத்தது பியருக்கு அல்ல, லேபிளுக்கு.

சோயா வாடை கொஞ்சம் பின்னணியில் இருந்தால் நான் மார்க் குறைக்க மாட்டேன். வறுத்த மால்ட்டோடு சேர்ந்து ஒரு உப்புக் கனம் தரும், சில பேருக்கு அது பிடிக்கும். கிளாஸைத் தூக்கியதும் முதலில் அதுதான் வருகிறது என்றால் குறைதான், மணத்தில் பாதி போச்சு.

மிச்சமுள்ள 2017-ஐ லேபிள் தெரியாமல் வேறொருவர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒரு 2023 இருக்கட்டும். கிளாஸ் அடியில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அம்மணி இந்த முறையாவது பேசாமல் இருக்க வேண்டும்.

ரொறன்ரோ சித்தப்பா:

எனக்கு இந்த பர்பன் பியர்களில் பெரிய பிடிப்பு இல்லை. மரத்தைத்தான் குடிக்கிறமோ என்று இருக்கும். நான் வளர்ந்தது இலங்கை லயன் ஸ்டவுட்டில். அற்ககோல் 8.8 வீதம்தான், பீப்பாய் ஒன்றும் காணாது, ஆனால் சொக்லேட்டும் கருப்பு முந்திரிகை வற்றலும் அதிலேயே இருக்கும். மர வாசம் வேண்டும் என்றால் எங்கட தென்னஞ்சாராயம் இருக்கு, ஹல்மில்ல மரத் தாங்கியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. சாராயத்தைச் சாராயமாகவும் பியரைப் பியராகவும் குடிப்பம் என்பது என் கட்சி.

ஒரு கணக்கு மட்டும். அரை லீற்றர், 14 வீதத்துக்கு மேல். ஒரு போத்தலில் அமெரிக்கக் கணக்குப்படி நாலு பெக் அளவு அற்ககோல் இருக்கு. நாலு பேருக்கு இரண்டு போத்தல் என்றால் ஆளுக்கு இரண்டு. இரண்டாவது போத்தலுக்கு மார்க் போட்டது யாருடைய நாக்கு, மருமகனே? எதை முதலில் உடைச்சனீங்கள்?

நேப்பர்வில் மாமா:

சித்தப்பா, வசமாகப் பிடித்துவிட்டீர்கள். முதலில் 2023, அப்புறம்தான் 2017. 4.75 போட்ட நண்பர் அதற்கு முன்பே வீட்டில் ஏதோ ஒன்றை முடித்துவிட்டு வந்தவர். ஃபிரிட்ஜ் விஷயமும் உண்மை, நேரே எடுத்து ஊற்றினோம். தம்பி, புளிப்பு துளியும் இல்லை.

நேற்று மறுபடி உட்கார்ந்தோம். இறைச்சிக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரைக் கிளாஸில் விட்டுப் பார்த்தேன், 13. மனைவி சமையலறையில் ஊற்றி, அடியில் ஒன்றில் சிவப்புப் பொட்டும் இன்னொன்றில் கருப்புப் பொட்டும் ஒட்டிக் கொண்டுவந்தாள். எது எந்த வருஷம் என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சீட்டாட்டத்திலும் இப்படித்தான்.

என் தாளில் சிவப்புப் பொட்டு: 10, 3, 17, 5, 8. மொத்தம் 43. கருப்புப் பொட்டு: 6, 3, 12, 3, 5. மொத்தம் 29. சூடு ஏறியதும் கருப்புப் பொட்டில் சோயாவுக்குக் கீழே அத்திப்பழ வற்றல் மாதிரி ஒன்று லேசாக எட்டிப் பார்த்தது, போன தடவை அது எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் உடம்பு மெலிந்துவிட்டது. 2023 நாக்கில் படிந்து உட்காருகிறது, இது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

கருப்புப் பொட்டுதான் 2017. நண்பர் அதற்குக் கொடுத்தது 27, என்னைவிட இரண்டு குறைவு. லேபிளைக் காட்டியதும் "இந்தப் பாட்டில் போன பாட்டில் மாதிரி இல்லை" என்கிறார். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே கராஜில் வெந்தவை. நான் வாதாடவில்லை.

மிஞ்சிய கால் பாட்டில் 2017-ஐ மனைவி இஞ்சி பூண்டோடு சேர்த்துக் கோழி இறக்கையில் ஊற்றி ஊறவைத்தாள். சோயா சாஸ் தனியாக விடவில்லை. மாப்பிள்ளைக்கு ஏற்ற பெண் கிடைத்த மாதிரி அமைந்துவிட்டது.

இன்னும் ஒரு 2023 இருக்கிறது. பேஸ்மென்ட் 58 ஃபாரன்ஹீட்டில் (14 செல்சியஸ் வாக்கில்) நிற்கிறது, எத்தனை வருடம் வைக்கலாம் என்று தம்பியைக் கேட்கத்தான் இன்று வந்தேன். இதைத் தட்டி முடிப்பதற்குள் அதைக் கீழேயிருந்து மேலே கொண்டுவந்தாயிற்று.