போன் பாஸ்வேர்டு மறந்துபோய் மாட்டிக்கிட்ட அனுபவம் யாருக்காவது இருக்கா? எங்க அப்பாவுக்கு நடந்தது இது

கோவில்பட்டி மகள்:

எங்க அப்பாவுக்கு 64 வயசு, கோவில்பட்டி பக்கம் மளிகைக்கடை வச்சிருக்காரு. போன மாசம் கடை வாசல்ல தண்ணி தெளிச்ச எடத்துல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. எக்ஸ்ரே, மாவுக்கட்டுன்னு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலயே ஓடிருச்சு, அவர் போனை யாரும் கவனிக்கல, சார்ஜ் எறங்கி ஆஃப் ஆயிருச்சு. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு ஆன் பண்ணா பின் நம்பர் கேக்குது. அவருக்கு கைரேகை சரியா எடுக்காது, நாள் பூரா மல்லித்தூளும் வத்தல்தூளும் பொட்டலம் போட்டு விரல் ரேகையே தேஞ்சு போச்சு, அதனால வருசக்கணக்கா நம்பர் தட்டித்தான் திறப்பாரு. என்ன நம்பர்ப்பான்னு கேட்டா அப்படியே என் மூஞ்சியைப் பாக்குறாரு. "எனக்குத் தெரியல பாப்பா, கைக்குத்தான் தெரியும்"னாரு.

அந்தக் கையில தான் கட்டு. பெருவிரல் வீங்கி ஆட்ட முடியல. இடது கையில தட்டச் சொன்னா அந்த விரலுக்கு வழியே தெரியல. அம்மா கல்யாண நாள், என் பிறந்தநாள், தம்பி பிறந்தநாள், கடைக் கதவு நம்பர், இப்ப வச்சிருக்க பைக் நம்பர் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. அஞ்சு தடவை தப்பா போட்டா 30 செகண்டு நிக்கச் சொல்லும், மறுபடி போடு, மறுபடி நில்லு. அம்மா கடை பாக்கி நோட்டைத் திருப்பி கடைசிப் பக்கத்துல இருந்து போட்டுப் பாத்த நம்பரை எல்லாம் எழுதிக்கிட்டே வந்தாங்க, ஒரே நம்பரை ரெண்டு தடவை போட்டுரக் கூடாதுன்னு. நாலு இலக்கம்னா மொத்தம் 10,000 நம்பர் இருக்கு, எங்க போய் முடிக்கிறது.

இதுல நான் எதிர்பாக்காத ஒண்ணு, போன் ஆஃப் ஆகி ஆன் ஆனப்புறம் நம்பர் போட்டு ஒரு தடவையாவது திறக்குற வரைக்கும் கால் வந்தா பேரே வரல, வெறும் நம்பர் மட்டும் தான் வருது. அப்பா பேரெல்லாம் அவருக்குப் புரியிற மாதிரி பதிஞ்சு வச்சிருப்பாரு, வேப்பமரத்து டீச்சர், முட்டை லாரி, பழைய பாக்கி 2, அப்படி. 600 பேர் கிட்ட இருக்கும். எல்லாம் போன்லயே சேமிச்சது, ஜிமெயில்ல ஒண்ணு கூட இல்ல. கால் எடுத்து "யாரு பேசுறது"ன்னு கேட்டா 20 வருசமா சாமான் வாங்குறவங்க "என்ன அண்ணாச்சி என் நம்பரையே அழிச்சிட்டீங்களா"ன்னு வருத்தப்படுறாங்க. அதைக் கேட்டு அவர் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தது எனக்கு கை உடைஞ்சதை விட கஷ்டமா இருந்துச்சு. எங்க ஆச்சி சாகுறதுக்கு முந்தின வருசம் பேசின வீடியோவும் அதுல தான் இருக்கு.

பஜார்ல ஒரு கடையில 500 ரூபாய் குடுங்க, ரீசெட் அடிச்சு அரை மணியில தரேன்னாங்க, அடிச்சா எல்லாம் போயிரும். இன்னொருத்தர் டேட்டா போகாம எடுத்துத் தரேன் 3,000 ஆகும் முன்பணம் குடுங்கன்னாரு. தம்பி குடுத்துரலாம்னு நின்னான். அப்பா தான் வேண்டாம்னுட்டாரு, ஆச்சி வீடியோ போயிரும்னு ஒரே பயம்.

ஆறாவது நாள் வீக்கம் வத்தி பெருவிரல் லேசா ஆடுச்சு. டாக்டரும் விரலை ஆட்டிக்கிட்டே இருங்கன்னு சொல்லியிருந்தாரு. முதல்ல கடை கால்குலேட்டரைக் குடுத்து தட்டிப் பாக்கச் சொன்னேன், ஒரு நம்பர் வந்துச்சு, போட்டா தப்பு. அப்புறம் தான் எனக்கு உறைச்சுச்சு, கால்குலேட்டர்ல 7 8 9 மேல இருக்கும், போன்ல 1 2 3 மேல, வரிசையே தலைகீழ்! உடனே பரண்ல கெடந்த பழைய பட்டன் போனை எடுத்துத் துடைச்சு, அவரை கடையில அவர் எப்பவும் உக்கார்ற ஸ்டூல்லயே உக்கார வச்சு, போனைப் பாக்காதீங்கப்பா, வாசலைப் பாத்துக்கிட்டு என்கிட்ட பருப்பு வெல சொல்லுங்கன்னு சொன்னேன். அவர் துவரம்பருப்பு வெல சொல்லிக்கிட்டே இருக்கும்போது பெருவிரல் தானா நாலு எடத்துல போய் அமுக்குச்சு. நான் அந்த விரலை மட்டும் தான் பாத்துக்கிட்டு இருந்தேன். போட்டதும் திறந்துருச்சு. அம்மா நம்பரைக் கேட்டுட்டு அழுதுட்டாங்க. எங்க பழைய டிவிஎஸ் 50 நம்பர் அது. எங்க ரெண்டு பேரையும் முன்னயும் பின்னயும் வச்சு ஸ்கூலுக்கு கொண்டுபோன வண்டி, வித்து பல வருசம் ஆச்சு. இப்ப நம்பரை மாத்தியாச்சு, அதனால தான் இங்க சொல்றேன்.

இந்த மாதிரி உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க, அந்த ஆறு நாள்ல இப்படி ஒருத்தர் அனுபவம் படிக்கக் கெடைச்சிருந்தா எனக்கு எவ்வளவோ தெம்பா இருந்திருக்கும்.

நாகர்கோவில் செல்போன் சர்வீஸ்காரர்:

தங்கச்சி, ரீசெட் அடிக்காம பொறுத்துக்கிட்டீங்க பாருங்க, அது தான் காப்பாத்துச்சு. நான் 17 வருசமா கடை வச்சிருக்கேன். ஆரம்பத்துல நோக்கியா காலத்துல ஒருத்தர் செக்யூரிட்டி கோடு மறந்துட்டேன்னு வந்தா 12345 போட்டுப் பாப்போம், கம்பெனியில இருந்து வரும்போதே அது தான் இருக்கும், பாதிப் பேர் மாத்தியே இருக்க மாட்டாங்க. ஆண்ட்ராய்டு வந்த புதுசுல பேட்டர்ன் அஞ்சு தடவை தப்பா போட்டா கீழ ஃபர்காட் பேட்டர்ன்னு வரும், ஜிமெயில் ஐடி பாஸ்வேர்டு போட்டா திறந்துரும். அந்த நெனப்புலயே இன்னைக்கும் ஆளுங்க வர்றாங்க, "ஒரு நிமிச வேலை தானேண்ணே"ன்னு. இப்ப அது கெடையாது. இப்ப வர்ற போன்ல உள்ள இருக்கிற படம், மெசேஜ் எல்லாமே பூட்டி தான் சேமிக்குது, அந்தப் பூட்டோட சாவி நீங்க போடுற நம்பரும் போனுக்குள்ள இருக்கிற சிப்பும் சேர்ந்து உண்டாகுறது. நம்பர் இல்லைன்னா சாவியே இல்ல. மெமரி சிப்பைக் கழட்டி வேற எடத்துல வச்சாலும் வெறும் குப்பை மாதிரி தான் தெரியும். ஆஃப் ஆகி ஆன் ஆன போன்ல பேர் வராம நம்பர் மட்டும் வந்ததும் அதனால தான், காண்டாக்ட் லிஸ்ட் இன்னும் பூட்டுக்குள்ள இருக்கு. கைரேகை வேலை செய்றவங்களுக்கும் ஆன் பண்ண உடனே அது எடுக்காது, முதல் தடவை நம்பர் தான். அதனால புது போனை டேட்டா போகாம திறந்து தரேன்னு முன்பணம் கேட்டா குடுக்காதீங்க.

ரீசெட் அடிச்சாலும் கதை முடியாது. பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் சேர்த்து அமுக்கி வெளியில இருந்து அழிச்சா, திரும்ப ஆன் ஆகும்போது பழைய ஜிமெயிலைக் கேக்கும். எஃப்ஆர்பின்னு சொல்லுவோம், 2015ல ஆண்ட்ராய்டு 5.1ல வந்தது. திருடுறவனுக்கு போன் உதவக் கூடாதுன்னு வச்சது. ஆனா நெறைய வீட்ல ஜிமெயில் யாரு போட்டுக் குடுத்தாங்கன்னே தெரியாது, போன் வித்த கடைப்பையன் ஏதோ ஒரு பேர்ல போட்டுக் குடுத்திருப்பான். அப்படி ஒரு அம்மா போனைத் துணியில சுத்திக்கிட்டு மூணு கடை ஏறி எறங்கி என்கிட்ட வந்தாங்க, பில் இருக்காம்மான்னு கேட்டேன், அரிசிப் பானையில இருந்து எடுத்துட்டு வந்தாங்க, பாலித்தீன் கவர்ல மடிச்சு வச்சிருந்தாங்க. அந்த பில் இருந்ததால தான் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எடுத்துக் குடுத்தாங்க. பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீங்க, பெட்டி மேல ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் இருக்கும், போன்ல *#06# அடிச்சா வர்றதும் அதுவும் ஒண்ணா இருக்கணும்.

நான் பில் இல்லாம தொடவே மாட்டேன், அதுக்கு காரணம் இருக்கு. ஒரு நாள் நல்லா டிரெஸ் பண்ணின ஒருத்தர் வந்தாரு, வொய்ஃப் போன், பேட்டர்ன் மறந்துட்டா, அவளுக்குத் தெரியாம எடுத்துக் குடுங்க, சர்ப்ரைஸ்ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். 2,000 வரைக்கும் குடுக்கத் தயாரா நின்னாரு. அந்தப் போன் திரையில ஒரு சின்னப் பிள்ளை படம் இருந்துச்சு, இன்னைக்கும் கண்ணுல நிக்குது. பூட்டுறது அவங்க உரிமை, அதை அவங்களுக்குத் தெரியாம உடைக்கிறது என் தொழில் இல்ல.

பேட்டர்ன் வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஒம்போது புள்ளியில 3,89,112 விதமா போடலாம், ஆனா நம்ம ஊர்ல என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் "ட" போடுவாங்க, இல்லைன்னா "ப". கண்ணாடி மேல விரல் போன தடம் வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாலே தெரியும்.

திருச்சி அக்கா:

எங்க வீட்ல சிம்முக்கு பின் வச்சிட்டான் என் பையன், எட்டாங்கிளாஸ். மூணு தடவை தப்பா போட்டதுல சிம் பூட்டைத் திறக்குற பக் கோடு (PUK) கேட்டுச்சு. அது எட்டு இலக்கம், நம்ம வச்சது இல்ல, சிம் கம்பெனி கிட்ட தான் இருக்கும். வேற போன்ல இருந்து கஸ்டமர் கேருக்கு அடிச்சு ஆதார் விவரம் சொன்னதும் குடுத்துட்டாங்க. அதையும் 10 தடவை தப்பா போட்டா சிம் செத்துரும், புது சிம் தான் வாங்கணும். அதனால ஊகிச்சு அடிக்காதீங்க.

ஷார்ஜா தம்பி:

என் கதை 2021ல நடந்தது. ஐபோன் வாங்கி ஒரு வருசம். கூட வேலை பாக்குறவன் நாலு இலக்கம் சேஃப் இல்லடான்னு சொன்னான்னு ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து தூக்கக் கலக்கத்துல ஆறு இலக்கமா மாத்தினேன். காலையில எந்திரிச்சா சுத்தமா ஞாபகம் இல்ல. ஒரு நிமிசம் நில்லுன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம், 15 நிமிசம், ஒரு மணி நேரம்னு போய், கடைசியா கம்ப்யூட்டர்ல மாட்டி அழிச்சா தான் உண்டுன்னு வந்துருச்சு. போன்ல இருக்கிறதை ஆன்லைன்ல சேமிக்க ஆப்பிளோட ஐகிளவுட்ல ஃப்ரீயா குடுக்குற 5 ஜிபி எப்பவோ நெறைஞ்சு பேக்கப் நின்னு எட்டு மாசம் ஆச்சு, அப்பப்ப மெசேஜ் வரும், நான் தள்ளி விட்டுருவேன். அந்த எட்டு மாசத்துல தான் லீவுக்கு ஊருக்குப் போய் பொண்ணை முதல் தடவை கையில தூக்கினேன். காது குத்து, மொட்டை, எல்லாம் என் போன்ல. போச்சு. வொய்ஃபுக்கு வாட்ஸப்ல அனுப்பின 40 போட்டோ மட்டும் இருக்கு, அதை பிரிண்ட் போட்டு பெட் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன்.

இப்ப ஐபோன் சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 17 வந்ததுல இருந்து பாஸ்கோடு மாத்தின 72 மணி நேரத்துக்குள்ள மறந்துட்டா பழைய பாஸ்கோடை வச்சு உள்ள போகலாம். எனக்கு அன்னைக்கு இருந்திருந்தா போதும். தயவு செஞ்சு ராத்திரியில பாஸ்வேர்டு மாத்தாதீங்க, காலையில மாத்தி அன்னைக்கு பூரா நாலஞ்சு தடவை போட்டுப் பழகுங்க.

பெயர் சொல்ல வேண்டாம், ஈரோடு பக்கம்:

நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என் வீட்டுக்காரர் தவறி ஏழு மாசம் ஆகுது, திடீர்னு. போன் லாக் நம்பர் எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்ல, கேக்க வேண்டியது வரும்னு யாரு நெனச்சா. சிம்மைக் கழட்டி என் பழைய போன்ல போட்டேன், கரண்ட் பில்லு, கேஸ் எல்லாம் ஓடிபி வந்து சமாளிச்சுட்டேன். பேங்க்குக்கு மட்டும் அந்த வழியில போகல, அவர் அக்கவுண்ட்ல இருந்து ஆப்ல எடுத்துருன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, மேனேஜர் வேண்டாம்மா, இறப்பு சான்றிதழ் கொண்டு வாங்க, நீங்க நாமினி தானேன்னு சொல்லி முறையா மாத்திக் குடுத்தாரு.

போன் மட்டும் அப்படியே இருக்கு. கரண்ட் போய் ஒரு தடவை ஆஃப் ஆயிருச்சு, திரும்ப ஆன் பண்ணேன், திறக்கலைன்னாலும் விடிகாலை 5:10க்கு அவர் வச்ச அலாரம் மட்டும் இன்னும் அடிக்குது. பால் சொசைட்டிக்குப் போறதுக்காக வச்சது. பையன் ரீசெட் பண்ணித் தாம்மா, ஆன்லைன் கிளாஸுக்கு வச்சுக்கறேன்னான், நான் தரல. இப்ப என் போன் லாக் நம்பரை எழுதி எங்க அக்காகிட்ட குடுத்திருக்கேன். கூகுள்ல நம்ம அக்கவுண்ட் ரொம்ப நாள் ஓடாம இருந்தா யாருக்குப் போகணும்னு முன்னாடியே எழுதி வைக்கலாம்னு பொண்ணு காட்டினா, ஐபோன்லயும் நமக்கு அப்புறம் யாரு பாக்கலாம்னு ஆளைக் குறிச்சு வைக்க லெகசி காண்டாக்ட்னு 2021ல இருந்து இருக்காம். எனக்கு அதைப் பாத்ததும் ரொம்ப நேரம் எதுவும் பேச முடியல. எங்களுக்கு யாரும் சொல்லலையே.

கோவில்பட்டி மகள்:

அக்கா, உங்க பதிவை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க உடனே எந்திரிச்சுப் போய் பத்திரம் வைக்கிற தகரப்பெட்டியில இருந்து ஒரு கவரை எடுத்து, அப்பா புது நம்பர், அவங்க நம்பர், ரெண்டு ஜிமெயில் பாஸ்வேர்டு எல்லாம் அவங்க கையாலயே எழுதி உள்ள வச்சுட்டாங்க. அப்பாவோட 600 பேரையும் ஜிமெயிலுக்கு ஏத்திட்டேன், ஆச்சி வீடியோவை மூணு எடத்துல வச்சிருக்கேன். அந்த போனை ரீசெட் பண்ணக் குடுக்காதீங்கக்கா, பையனுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்.

நாகர்கோவில் செல்போன் சர்வீஸ்காரர்:

ஈரோடு அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அந்தப் போனை எந்நேரமும் சார்ஜர்லயே போட்டு வைக்காதீங்க, ஏழு மாசம் ஆச்சுன்னா பேட்டரி உப்பிரும். பாதிக்கு மேல ஏறினதும் கழட்டிருங்க, எறங்கினா மறுபடி போடுங்க. பின்பக்கம் லேசா தூக்குற மாதிரி தெரிஞ்சா அமுக்கிப் பாக்காதீங்க, சார்ஜ் போடுறதை நிறுத்திட்டு பக்கத்துல நல்ல கடையில பேட்டரி மட்டும் மாத்தச் சொல்லுங்க, ரீசெட் அடிக்கக் கூடாதுன்னு எதிர்ல நின்னு சொல்லுங்க. பேட்டரி மாத்தினா உள்ள இருக்கிறது எதுவும் போகாது. அலாரமும் அப்படியே இருக்கும்.