அந்தமான் கப்பல்ல வாந்தி வராம இருக்க என்ன பண்ணலாம்?

மதுரைக்காரி:
ஜனவரி கடைசியில குடும்பத்தோட அந்தமான் போறோம், போர்ட் பிளேர்ல இருந்து ஹேவ்லாக், அப்புறம் நீல் தீவு, எல்லாமே கப்பல்தான். மாமியாருக்கு கொடைக்கானல் பஸ் வத்தலகுண்டு தாண்டி மலை ஏறினாலே பாலித்தீன் கவர் வேணும், எட்டு வயசு பையனும் அப்படியே, இதுல எங்க வீட்டுக்காரர் கடல் நல்லா தெரியும்னு முன்னாடி கண்ணாடிகிட்ட சீட் போடணும்னு நிக்கிறார். வெறும் வயித்துல போனா வராதுன்னு அக்கா சொல்றா. வீட்ல ஒண்டான்செட்ரான் சிரப் இருக்கு, அதையே பையனுக்கு குடுக்கலாமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்

நாகைக் கடலோரம்:
மொதல்ல அந்த முன் சீட்ட மாத்த சொல்லுங்கக்கா. எங்க வீட்ல எல்லாரும் கடல் தொழில்தான், புதுசா வர்ற ஆள அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, உக்கார விடமாட்டோம், அலைக்கு அதிகமா ஏறி இறங்குறதே அந்தப் பக்கம்தான். நடுவுல, கீழ்த்தளத்துல கேளுங்க. காலைல முதல் கப்பல்னா நல்லது, பொழுது ஏற ஏற காத்தும் ஏறும். வெறும் வயிறு வேண்டவே வேண்டாம், கொமட்டல் ஜாஸ்தியாகும். ரெண்டு இட்லி போதும், பூரி பக்கம் போகாதீங்க.

மருந்துக்கடை:
ஒண்டான்செட்ரான் வயித்துக்கோளாறு வாந்திக்குத்தான் கேக்கும், இதுக்கு பெருசா கேக்காது. காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு ஆடுதுன்னு சொல்லும், கண்ணு முன் சீட்ட பாத்துட்டு ஆடலையேன்னு சொல்லும், மூளை குழம்பி அதுல வர்ற வாந்தி இது. அவோமின் மாதிரி மாத்திரைய கிளம்புறதுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா மாத்திரையும் சேந்து வெளிய வந்துரும். பையன் அளவையும், மாமியாருக்கு கண் அழுத்தம் இருந்தா அதையும் டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க. நல்லா தூக்கம் வரும், அத போட்டவங்க ஹேவ்லாக்ல இறங்கின கையோட வாடகை ஸ்கூட்டர் எடுக்காதீங்க 🙏

போர்ட்பிளேர்வாசி:
ஜனவரிக்கு இவ்ளோ பயம் வேண்டாம், பெரும்பாலும் கடல் அமைதியாத்தான் இருக்கும், மே கடைசில தென்மேற்கு பருவக்காத்து ஆரம்பிச்சப்புறம்தான் ஆட்டம். பிரைவேட் கப்பல் ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல போயிரும் ஆனா பெரும்பாலும் மூடின ஏசி ஹால், கவர்மெண்ட் கப்பல் மெதுவா ரெண்டரை மணி நேரம் ஆக்கும் ஆனா டெக்ல நிக்கலாம். என்ன, டிக்கெட் கிடைக்கிறதுதான் பாடு. மாமியார டெக்ல காத்தாட நிக்க வச்சு தூரத்துல வானமும் கடலும் சேர்ற இடத்தையே பாக்க சொல்லுங்க, பாதி குறைஞ்சிரும். பையன் கைல மட்டும் மொபைல் குடுத்துராதீங்க.

மதுரைக்காரி:
ரொம்ப தேங்க்ஸ், சீட்ட மாத்த சொல்லியாச்சு (மூஞ்சிய தூக்கிட்டு திரியுறார்). சின்னவளுக்கு ஒன்றரை வயசு, அவளுக்கும் அவோமின் குடுக்கலாமா?

மருந்துக்கடை:
வேண்டவே வேண்டாம், 2 வயசுக்கு கீழ அது குடுக்கக்கூடாது. அந்த வயசுல இது வர்றதும் அபூர்வம்தான், 2ல இருந்து 12 வயசு வரைக்கும்தான் ஜாஸ்தி. கவர பையனுக்கும் மாமியாருக்கும் நடுவுல வச்சிக்கோங்க.