புதுப்பிப்பு: முன்கழுத்தை அழுத்திய ஸ்வெட்டர்

கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்காக நானே வடிவமைத்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் வட்டத்தோள் ஸ்வெட்டர் தொண்டையை அழுத்துகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பின்கழுத்தைக் குறுவரிசைகளால் (சுற்றை முடிக்காமல் நடுவிலேயே திரும்பிப் பின்னும் வரிசைகள்) உயர்த்தச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பிரித்து மறுபடியும் பின்னினேன். முன்பக்கத்தைத் தொடாமல், முதுகுப் பக்கம் மட்டும் பாதி வழியில் திரும்பித் திரும்பிப் பின்னியதில் பின்புறம் சுமார் 3 செ.மீ. உயர்ந்தது. முன்கழுத்து தானாகவே தணிந்து, தொண்டைக்குழிக்குக் கீழே அழகாக உட்கார்ந்துவிட்டது. அப்பா போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற மறுத்தார், பின்னல் ஊசி அதிலேயே இருக்க!

இப்போது வேறொரு சிக்கல். நூல் தீர்ந்து, அதே நீலத்தில் வாங்கிய நூல்கண்டின் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்குப் போடும் எண்) வேறு. கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது. வெயிலில் பிடித்தால் லேசான பச்சைச் சாயல். அதனால் பழைய கண்டில் இரண்டு சுற்று, புதியதில் இரண்டு சுற்று என மாற்றி மாற்றிப் பின்னுகிறேன். கோடு விழாமல் நிறம் கரைந்துவிடுகிறது. இரண்டு நூலும் சிக்கிக்கொள்வது எரிச்சல்தான், ஆனால் பலன் அருமை. ஸ்வெட்டரின் கைகளுக்கும் பழைய நூலில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மணிக்கட்டுப் பட்டி இறுக்கமாக இருப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. தளர்வாக முடிக்க நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.