உலக சினிமாவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

கடந்த சில மாதங்களாக, எல்லோரும் போற்றும் அயல்மொழிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறேன். ‘டோக்கியோ ஸ்டோரி’யை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் நிறுத்திவிட்டேன். முதிய தம்பதியர் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள், எழுந்து வேறோர் அறைக்குப் போய் அங்கும் உட்கார்ந்து பேசுகிறார்கள். படம் மோசம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. குறை என் பார்வையிலேயே இருக்கக்கூடும். விருதுப் பட்டியல்களோ, ‘பார்த்தே தீர வேண்டிய நூறு படங்கள்’ போன்ற வரிசைகளோ எனக்கு வேண்டாம். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தைச் சொல்லி, அதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்கினால் போதும். சப்டைட்டிலைப் படிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1

தொடங்குவதற்கு விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தையே நான் சொல்வேன். ஒன்றரை மணி நேரப் படம். கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். போருக்குப் பிந்தைய ரோமில், சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். வேலையில் சேர்ந்த முதல் நாளே அது களவு போகிறது. தகப்பனும் மகனும் அதைத் தேடி நகரமெங்கும் அலைகிறார்கள். வசனம் குறைவாக இருப்பதால் சப்டைட்டில் உங்களை அதிகம் தொல்லைப்படுத்தாது. தகப்பனாக நடித்த லம்பெர்ட்டோ மஜ்ஜொரானி நடிகரல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. அவருடைய நடையில் இருக்கும் அசதி, நடிப்பால் வரவழைத்ததாகவே தோன்றாது.

குறிப்பாக, அடகுக்கடைக் காட்சியைக் கவனியுங்கள். சைக்கிளை மீட்பதற்காக மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு ஊழியர் உயரமான அடுக்குகளில் ஏறத் தொடங்குகிறார். அதைப் போலவே கட்டிவைத்த மூட்டைகள் மேலே மேலே தெரிந்துகொண்டே போகின்றன. ஒரு நகரம் முழுவதும் விரிப்பில்லாத கட்டிலில் படுக்கிறது என்பதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. வேறோர் இயக்குநராக இருந்தால் அந்த இடத்தில் மனைவியை அழ வைத்திருப்பார்.

தலைப்பையும் கவனியுங்கள். இத்தாலிய மூலத்தில் ‘திருடர்கள்’ என்று பன்மையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை ஒருமையாக்கிவிட்டார்கள். இறுதியில் தகப்பனும் இன்னொருவருடைய சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பன்மைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது விளங்கும்.

மறுமொழி 2

மேலே எழுதியிருக்கும் நண்பர் படத்தின் முடிவைப் போட்டு உடைத்துவிட்டார். முடிவு தெரிந்தாலும் கெட்டுப்போகாத படம் அது என்பதால் மன்னித்துவிடலாம். நான் சொல்லப்போகும் படம் அப்படிப்பட்டதல்ல. ஆகவே முக்கியமான ஒன்றை மறைத்தே எழுதுகிறேன்.

ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ 2011இல் வெளிவந்தது. அயல்மொழிப் படம் என்றாலே மெதுவாக நகரும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அது இந்தப் படத்தின் முதல் காட்சியிலேயே கலைந்துபோகும். விவாகரத்து கேட்டு வந்த சிமினும் அவள் கணவன் நாதேரும் நம்மை நேருக்கு நேர் பார்த்து வழக்காடுகிறார்கள். நீதிபதியின் குரல் மட்டுமே கேட்கிறது. முகம் தெரிவதில்லை, ஏனென்றால் அவருடைய இருக்கையில் நம்மை உட்கார வைத்திருக்கிறார் இயக்குநர். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரமும் நம்மால் அங்கிருந்து எழுந்திருக்க முடியாது. நினைவு மங்கிய தன் தகப்பனைப் பார்த்துக்கொள்ள வந்த பணிப்பெண்ணுக்கும் நாதேருக்கும் இடையே ஒரு கைகலப்பு. அதன் விளைவாக ஒரு கொலைக் குற்றச்சாட்டு. அவன் பக்கம் நியாயம் என்று நாம் தீர்மானிக்கும்போது ஒரு செய்தி வெளிப்படுகிறது. அவள் பக்கம் சாய்ந்தால் மற்றொன்று வெளிப்படுகிறது. இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும், தமக்கு வேண்டிய ஒருவரைக் காப்பாற்றுவதற்காக எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. வீட்டில் பணம் காணாமல் போனதாக நாதேர் பணிப்பெண்ணைக் குற்றம்சாட்டுகிறான். அந்தப் பணத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பியானோ சுமக்கும் ஆட்களுக்குச் சிமின் கொடுத்ததைப் படத்தின் தொடக்கத்தில் நாமே பார்த்திருக்கிறோம், பார்த்தும் மறந்துவிடுகிறோம். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தால் நானும் அன்று தவறாகத்தான் சொல்லியிருப்பேன்.

சப்டைட்டிலைப் பற்றி ஒரு சொல். அதற்காக டப்பிங்கின் பக்கம் போய்விடாதீர்கள். இந்தப் படத்தில் மகள் தெர்மே தன் தகப்பனிடம் கேள்வி கேட்கும் குரலில் உள்ள தயக்கம், வேறொருவர் பேசினால் போயே போய்விடும். வரியை ஒரு பார்வையில் வாங்கிக்கொண்டு முகத்துக்குத் திரும்பும் பழக்கம் நாலைந்து படங்களில் தானாகவே வந்துவிடுகிறது.

மறுமொழி 3

எனக்குச் சொல்ல வருவது ஒன்றுதான்: ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, 1997. அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடிக் காலணி என்பதால், அந்தச் சிறுவன் எப்படியாவது மூன்றாவதாக வந்துவிட வேண்டும் என்று ஓடுகிறான். என்ன ஆகிறது என்பதை நீங்களே பாருங்கள்.

மறுமொழி 4

எல்லோரும் வேறு படங்களைச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் பாதியில் விட்ட படத்துக்காக நான் வாதாடுகிறேன். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் ஒன்றும் நடப்பதில்லை என்பது தவறு, நடப்பவற்றை அதன் ஜப்பானிய இயக்குநர் ஓசு காட்டுவதில்லை என்பதுதான் சரி. முதிய தம்பதியர் தங்கள் ஊரான ஒனோமிச்சியிலிருந்து டோக்கியோவுக்கு அத்தனை தொலைவு ரயிலில் போகிறார்கள். பயணம் படத்தில் இல்லை. திரும்பும் வழியில் தாய்க்கு உடல்நிலை கெட்டு ஒசாகாவில் இறங்கிவிடுகிறார்கள். அதுவும் இல்லை, அங்குள்ள மகன் தன் அலுவலகத்தில் சக ஊழியரிடம் சொல்வதிலிருந்து நாம் தெரிந்துகொள்கிறோம். பெற்றோர் விஷயத்தில் பிள்ளைகளுக்குச் செய்தி எப்போதும் அப்படித்தானே வந்து சேர்கிறது, ஒரு வேலைக்கு நடுவே.

செலவையும் தொந்தரவையும் எண்ணிப் பிள்ளைகள் அவர்களை அடாமியின் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் கூச்சல், தூக்கமில்லை. காலையில் இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எழும்போது கிழவி தலைசுற்றிச் சற்றே தடுமாறுகிறாள். ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நீங்கள் படத்தை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருபவை எல்லாம் அந்தத் தடுமாற்றத்திலிருந்து கிளைப்பவை.

தாயின் நிலை மோசம் என்று தந்தி வந்ததும், துக்க உடையையும் எடுத்துக்கொண்டு போவோமா என்று மூத்த மகள் ஷிகே அண்ணனிடம் கேட்கிறாள். அவளை வில்லியாக்கியிருந்தால் நாம் நிம்மதியாக வெறுத்திருப்போம். ஓசு அந்த வசதியைத் தருவதில்லை. அவள் கேட்பது நடைமுறைக்குச் சரியான கேள்வி என்பதே கூசவைக்கிறது. தந்தையாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிறையவில்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. எழுபது வயது முதியவரின் அமைதியை அவர் எங்கிருந்து எடுத்தாரோ!

இது பிடித்துவிட்டால், இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசாவாவின் ‘இகிரு’வைப் பாருங்கள். அதில் கதாநாயகன் இறந்த பின்பும் படம் வெகுநேரம் ஓடுகிறது. அவர் செய்தது என்ன என்பதைத் துக்க வீட்டில் குடித்துக்கொண்டே சக அலுவலர்கள் வாதிடுகிறார்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதலில் ‘எ செப்பரேஷன்’ பார்த்தேன். எச்சரித்திருந்தும் இழுப்பறையை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். பிறகு ‘டோக்கியோ ஸ்டோரி’யை மூன்றாம் முறையாகத் தொடங்கி, நேற்று முடித்தேன். முதல் அரை மணி நேரம் இப்போதும் நீளம் என்றே படுகிறது. அதில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் முதல் காட்சியில், பயணத்துக்குப் பெட்டி கட்டும் இருவரும் காற்றுத் தலையணை யாரிடம் இருக்கிறது என்று சிறிய வாக்குவாதம் செய்வார்கள்; அது கிழவரின் பையிலேயே கிடைக்கும்; பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலருகே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவாள். முன்பு இரண்டு முறையும் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிவந்திருந்தேன். கடைசியில் அதே பெண் அதே ஜன்னலருகே வந்து நிற்கிறாள். உள்ளே கிழவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.