மறு: ‘ரிலாப்ஸ்’, ‘சூடோ ரிலாப்ஸ்’, ‘ட்ரிக்கர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோய் பற்றிய மூன்று சொற்களுக்குக் குழுவில் முன்வைக்கப்பட்ட தமிழ்ச் சொற்கள் இவை:

> ரிலாப்ஸ் – மீட்சி. சூடோ ரிலாப்ஸ் – போலி மீட்சி. ட்ரிக்கர் – காரணி

மூன்றையுமே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

‘மீட்சி’ என்றால் நம் காதுக்கு நலமடைவது. இந்த நோயில் ரிலாப்ஸ் அதற்கு நேர் எதிர். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பைச் சுற்றிய மயலின் உறையை மறுபடி தாக்குகிறது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிதாகப் பார்வை மங்கலோ மதமதப்போ வந்து 24 மணி நேரமாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை ரிலாப்ஸ் என்கிறார்கள். ‘மறுதாக்கம்’ பொருந்தும். நோய் அடங்கியிருக்கும் ரெமிஷனுக்கு ‘தணிவு’ போதும்.

‘போலி’தான் என்னை இம்மடலை எழுத வைத்தது. என் அக்காவுக்கு இந்த நோய் உண்டு. மார்கழி, தையில் இங்கே உறைபனியில் தேயிலை கருகும். வீட்டுக்கு வீடு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்துக் குளிப்போம். குளித்து வந்ததும் அக்காவுக்கு ஒரு கண் மங்கும், உடம்புச் சூடு ஆறியதும் தெளியும். சித்திரையில் மேட்டுப்பாளையம் இறங்கினால் கால் பின்னும்; மலை ஏறியதும் சரியாகும். ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890-இல் எழுதிவைத்தது இதைத்தான். உடற்பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் பார்வை மங்குவதை அவர் கண்டார். உடல் சூடேறுவதே காரணம் என்பது பிறகு தெளிவானது. அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே உறை இழந்த நரம்பில் சைகை தடைபடலாம். புதிய சேதம் எதுவும் இல்லை, பழைய தழும்பின் குறிதான் மீண்டும் தலைகாட்டுகிறது.

சூடோ ரிலாப்ஸ் எனப்படும் இதைப் ‘போலி’ என்று ஒரு மருத்துவர் தமிழில் சொன்னபோது, கூட வந்த அத்தை, “அப்போ இவ நடிக்கிறாளா?” என்றார். கண் மங்கியது நிஜம். நோயாளியைப் பொய்யராக்கும் சொல் கலைச்சொல்லாகக் கூடாது. ‘மீள்குறி’ என்று முன்மொழிகிறேன். சித்த மருத்துவத்தில் ‘குறிகுணம்’ ஏற்கெனவே புழங்குவதால் ‘குறி’ அந்நியமாகத் தெரியாது.

இரண்டும் பிரிந்து நிற்பது சிகிச்சைக்கும் முக்கியம். மறுதாக்கம் கடுமையாக இருந்தால் மெதில்பிரட்னிசலோன் எனும் ஸ்டீராய்டை நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் டிரிப்ஸில் ஏற்றுவது வழக்கம். மீள்குறிக்கு ஸ்டீராய்டு தேவையில்லை. உடலைக் குளிர்விக்க வேண்டும், சிறுநீர்த் தொற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘காரணி’யை நோய் உருவாவதற்கு உதவுபவற்றுக்கு வைத்துக்கொள்வோம்: எப்ஸ்டீன்-பார் வைரஸ், புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு. அமெரிக்கப் படையினர் 1 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவைக் கொண்டு 2022-இல் வெளிவந்த ஆய்வு, அந்த வைரஸ் தொற்றியபின் நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கு கூடியதைக் காட்டியது. ட்ரிக்கர் வேறு. நோய் உள்ளவருக்கு மறுதாக்கத்தைக் கிளப்பிவிடுவது அது, ‘தூண்டி’ என்போம். சளிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள், மன அழுத்தம், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 3 மாதங்கள் இதில் வரும். கர்ப்பத்தின் கடைசி 3 மாதங்களில் மறுதாக்கம் குறைகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பமே ஆபத்து என்று ஊரில் பேசிவிடுவார்கள். ட்ரிக்கரைச் ‘சூழல் தூண்டி’ என்று அழைக்கத் தோன்றலாம்; ஆனால் பேறுகாலத்தைச் சூழல் என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் ‘சூழல்’ என்ற அடை வேண்டாம்.

தொற்று இரண்டு பக்கமும் நிற்கும்: காய்ச்சல் சூட்டில் உடனே மீள்குறி வரலாம், பின்வரும் வாரங்களில் மறுதாக்கமும் வரலாம். இங்கே “பனி பட்டுடுச்சு” என்று எல்லாவற்றுக்கும் சொல்வது பழக்கம். குளிரில் தசை இறுக்கம் கூடலாம், அது மறுதாக்கம் ஆகாது.

மலைக் கிராமங்களுக்கான துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: “வெந்நீரில் குளித்ததும் பார்வை மங்கினால் அது மீள்குறியாக இருக்கலாம். உடலைக் குளிர்வியுங்கள். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மறுதாக்கமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.” அச்சுக்குப் போகும் முன், ‘மீள்குறி’ வேறு துறையில் வேறு பொருளில் புழங்கினால் தெரிவியுங்கள்.