42 மீட்டர் ஹெட்டில் கேட் வால்வுக்குப் பதில் என்ன போடலாம்?

கேள்வி (புது மெக்கானிக்கல்):
வணக்கம். பாசன அணை ஒன்றின் புதுப்பிப்பு வேலையில் இருக்கிறேன். மதகுக்குள் 1 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் 60 மீட்டர் போகிறது, கடைசியில் பழைய கேட் வால்வு (தகடு மேலும் கீழும் நகர்ந்து மூடும் வகை). அதைப் பாதி திறந்து வைத்துத்தான் கால்வாய்க்குத் தண்ணீர் விடுகிறார்கள். அணை நிரம்பினால் வால்வுக்கு மேல் 42 மீட்டர் தண்ணீர் (ஹெட் என்பது இந்த உயரம்தான்), கோடையில் 12 மீட்டர் வரை இறங்கும். எந்த மட்டத்திலும் நொடிக்கு 150 கனஅடி வேண்டும். திறந்தால் குழாய்க்குள் ஜல்லி கொட்டுவது போல் சத்தம். அதே 1 மீட்டர் அளவில் பட்டர்ஃபிளை வால்வு போட்டால் செலவு குறையும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். தண்ணீர் விழுவது கூரை போட்ட கான்கிரீட் அறைக்குள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற மதகுக்காரர்):
தம்பி, அந்தச் சத்தத்தை நான் நன்றாக அறிவேன். அது கேவிட்டேஷன். பாதி மூடிய தகட்டுக்கு அடியில் தண்ணீர் பாய்கிற வேகத்தில் அங்கே அழுத்தம் விழுந்துவிடும். 30 டிகிரி தண்ணீர், காற்றழுத்தத்தையும் சேர்த்து மொத்த அழுத்தம் 0.43 மீட்டர் தண்ணீர் உயரம் மட்டுமே மிஞ்சும்படி இறங்கிவிட்டால் கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் சற்றுத் தள்ளி உடையும்போது இரும்பைக் கொத்தி எடுத்துவிடும். ஓர் அணையில் (பெயர் வேண்டாம்) இப்படி ஓடிய வால்வைக் கழற்றிப் பார்த்தோம். அடிப்பாகம் கறையான் அரித்த மரம் போல் இருந்தது, ஓரிடத்தில் விரல் நுழைந்தது. கேட் வால்வு முழுதாய்த் திறக்கவும் முழுதாய் மூடவும் செய்யப்பட்டது. அளந்து விடுவதற்கு அல்ல.

பட்டர்ஃபிளையும் அதே கதைதான். தகடு நடுவில் நின்று தண்ணீரைப் பிளக்கும், பின்னால் சுழல், அதிர்வு. காவல் வால்வாக, அதாவது அவசரத்தில் தண்ணீரை நிறுத்த, மேலே வையுங்கள், தாராளமாக. ஓட்டத்தின் நடுவிலும் மூடிவிடும் அளவுக்கு வலுவானதாக வாங்குங்கள். ஆனால் அதைக் கொண்டு அளக்க வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது ஃபிக்ஸட் கோன் வால்வு. ஹவல்-பங்கர் என்றும் சொல்வார்கள், 1930களில் அமெரிக்காவில் வந்தது. கூம்பு அசையாமல் நிற்கும், வெளியே உருளை மட்டும் முன்னும் பின்னும் நகரும். தண்ணீர் குடை விரித்த மாதிரி சுற்றிலும் சிதறிக் காற்றோடு கலப்பதால் வேகம் அடங்கும். அந்த அடங்கல் சாதாரணமல்ல. 150 கனஅடி என்பது நொடிக்கு 4.25 கனமீட்டர். 42 மீட்டரிலிருந்து அது விழும்போது சுமார் 1,750 கிலோவாட். ஐந்து குதிரைசக்தி மோட்டார் நானூற்றைம்பதுக்கு மேல் ஒரே அறையில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனை சக்தியும் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்?

அளவைப் பொறுத்தவரை, குழாய் 1 மீட்டர் என்பதற்காக வால்வும் 1 மீட்டர் வாங்காதீர்கள். முழுதாய்த் திறந்த கோன் வால்வுக்கு டிஸ்சார்ஜ் கெழு (கணக்குப்படி போக வேண்டிய தண்ணீரில் உண்மையில் போகும் பங்கு) 0.85 அளவில் வரும். 700 மி.மீ. வால்வில் 4.25 கனமீட்டர் போக சுமார் 8.6 மீட்டர் ஹெட் வேண்டும். நுழைவாய், உராய்வு, காவல் வால்வு எல்லாம் சேர்த்துக் குழாயில் 2.4 மீட்டர் போகட்டும். மொத்தம் 11. உங்கள் 12 மீட்டருக்குள் அடங்குகிறது. அணை நிரம்பியிருக்கும்போது இதே வால்வு ஏறக்குறைய பாதித் திறப்பில் நிற்கும், அது நல்ல இடம். 1 மீட்டர் வால்வு என்றால் அப்போது ஏறக்குறைய கால் பங்குத் திறப்பிலேயே கிடக்கும். இன்னொன்று, கடைசியில் குழாய் 700க்குக் குறுகும்போது மேலே உள்ள குழாயில் அழுத்தம் விழாமல் நிற்கும். குழாய்ச் சேதத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பதில் (அணை ஆபரேட்டர்):
சார் சொல்வது சரி. ஓட்டுகிறவனாக ஒரு வார்த்தை: குப்பை. கோன் வால்வுக்குள் கூம்பைத் தாங்கும் இறக்கைத் தகடுகள் இருக்கின்றன. வெள்ளம் வந்ததும் குச்சியும் வேரும் அதில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் குடை ஒரு பக்கம் கிழிந்த மாதிரி தண்ணீர் வரும். நுழைவாயில் கம்பி வலையின் இடைவெளி, அந்தத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிடச் சிறியதாக இருக்கட்டும். தகடுகள் எத்தனை தடிமன், அதிர்வுக்குக் கணக்குப் போட்டார்களா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த வகை வால்வில் தகடு அதிர்ந்து விரிசல் விடுவது தெரிந்த நோய்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அறைக்குக் கூரை இருக்கிறது, ஆபரேட்டர் மேடையும் அதற்குள்ளேயே. சாரல் வெளியே போகாதே, அது நல்லதுதானே?

பதில் (ஓய்வுபெற்ற மதகுக்காரர்):
இல்லை தம்பி, இங்கேதான் எனக்குப் பயம். சிதறும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். காற்று வர வழி இல்லையென்றால் கதவையும் ஆளையும் இழுக்கும்.

கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணையில் 2009 ஜூலை 22 அன்று நடந்ததைப் படித்துப் பாருங்கள். நிலத்தடி வால்வு அறையிலிருந்து சுரங்கத்துக்குள் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். ஆற்றலைச் சிதறடிக்கும் எஃகு வளையம் முன்பே கழற்றப்பட்டிருந்தது. திறப்பு 85 சதவீதம் வந்தபோது, அறைக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவர் பிய்ந்து இழுபட்டுப் போனது. வேலையாட்களும் கிட்டத்தட்ட கூடவே போயிருப்பார்கள். ஒருவருக்குத் தலையில் அடி, கை கால் முறிவு.

அதனால் மேடையை அறைக்கு வெளியே எடுத்துவிடுங்கள். கூரையை நீக்க முடிந்தால் நீக்குங்கள், பக்கத்தில் மின்கம்பிகளோ வீடுகளோ இல்லாவிட்டால் சாரலால் தொல்லையில்லை. கூரை இருந்தே ஆக வேண்டுமென்றால் வால்வுக்கு ஹூட் (சிதறும் தண்ணீரை அடக்கி முன்னே திருப்பும் எஃகு உறை) போட்டு, தனிக் காற்றுக் குழாய் கொடுங்கள். அதில் காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டாத அளவுக்கு அகலம் வேண்டும். வாய்ப்பகுதி மனிதர் நடமாடாத இடத்தில், கம்பித் தடுப்போடு.

மூடும் நேரத்தை மட்டும் நிதானமாக வையுங்கள். ஒரு நிமிடம் எடுத்து மூடினால் 60 மீட்டர் குழாயில் அழுத்த உயர்வு பெரிதாக இருக்காது. வரைபடம் தயாரானதும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன். அந்தப் பழைய வால்வைக் கழற்றும்போது அடிப்பாகத்தைப் படம் எடுத்து வையுங்கள், பட்டர்ஃபிளை போதும் என்று சொன்னவர்களிடம் காட்டலாம்.