எட்டு மாதமாகக் காத்திருக்கும் சிறப்புப் பதிப்பு கார்: மார்கழியில் எடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

விஜயமங்கலத்துக்காரன், 14 டிசம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் நாற்பது மிஷின் போட்டு பனியன் யூனிட் நடத்துகிறேன். வீடும் தோட்டமும் விஜயமங்கலம் பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த ஏப்ரல் 30, அட்சய திருதியை அன்று கோவையில் ஒரு ஷோரூமில் ஒரு லட்சம் ரூபாய் கட்டி கார் முன்பதிவு செய்தேன். கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் வேண்டாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கிற சிறப்புப் பதிப்பு அது. பெட்ரோல், கையால் மாற்றும் கியர், அடர் பச்சை நிறம், டாஷ்போர்டில் வரிசை எண் பொறித்த சிறு தகடு. ஷோரூமில் இருப்பு கிடையாது, பணம் கட்டிய பிறகுதான் ஆலைக்கு ஆர்டர் போகும், மூன்று மாதம் ஆகும் என்று முதலிலேயே சொன்னார்கள். அதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா. அவருக்கு 76 வயது. ஒரு காலத்தில் அவரிடம் பச்சை நிற கான்டெஸா கார் இருந்தது. தொழில் நொடித்த ஒரு வருடத்தில் அதை விற்றுத்தான் ஆட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுத்தார். ஷோரூமில் வண்ண அட்டையைக் காட்டியபோது வேறு எதையும் பார்க்காமல் பச்சையின் மேல் விரலை வைத்தார்.

ஜூலை கடைசியில் கேட்டேன். ஆடி போகட்டும், ஆவணியில் வந்துவிடும் என்றார்கள். அது சரிதான், ஆடியில் வந்திருந்தாலும் அம்மா எடுக்க விட்டிருக்க மாட்டார். ஆகஸ்ட் கடைசியில் அவர்களே அழைத்தார்கள். மூன்று வாரத்தில் வண்டி வந்துவிடும், பழைய காரை இப்போதே கொடுத்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் கணக்கை முடித்துவிடலாம் என்றார்கள். நம்பிக் கொடுத்தேன். 4,60,000 ரூபாய் என்று வரவு வைத்தார்கள். அதன்பிறகு ஆயுத பூஜை என்றார்கள். தீபாவளி என்றார்கள். கார்த்திகை தீபத்துக்குள் நிச்சயம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பையன் பேசுகிறான். ஒவ்வொருவனிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றரை மாதமாக மச்சானின் வேனை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காருக்கென்று போட்ட புது ஷெட்டில் மக்காச்சோளம் கொட்டி வைத்திருக்கிறோம்.

சுங்கச்சாவடி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கார் ஏற்றிய நீள லாரி எது நின்றாலும் வேனை ஓரம் கட்டிவிட்டுப் பார்க்கிறேன். வெள்ளைத் தாள் ஒட்டிய கார்களுக்கு இடையில் எங்காவது பச்சை தெரிகிறதா என்று கண் தேடுகிறது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விட முடியவில்லை.

காத்திருப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. எங்கள் தொழிலே காத்திருப்புதான். நூலுக்குக் காத்திருப்போம், சாயப்பட்டறையில் மிஷின் காலியாகக் காத்திருப்போம், சாம்பிளுக்கு பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஒப்புதல் தரக் காத்திருப்போம். ஆனால் ஷிப்மென்ட் தேதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது தேதிதான். நான்கு நாள் தள்ளிப்போகும் என்று தெரிந்த உடனே பையருக்கு எழுதுவோம். கப்பலைத் தவறவிட்டால் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்புவோம். 2022இல் ஒரு ஆர்டரில் அப்படி அனுப்பி அந்த சீசனின் லாபம் முழுவதையும் இழந்தேன். பையர் என்னைத் திட்டவில்லை, காரணம் நான் முன்பே சொல்லியிருந்தேன். இங்கே என் பணம் 5,60,000 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது, என் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நேற்று ஒரு அழைப்பு. வண்டி தயாராகிவிட்டதாம், 27ஆம் தேதிக்குள் கோவை வந்துவிடுமாம், 31ஆம் தேதிக்குள் பணம் முழுவதும் கட்டி பதிவு செய்து எடுத்துவிட வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்கிறார்கள். அது நடு மார்கழி. அம்மா முடியவே முடியாது என்கிறார்.

மார்கழி என்று பார்க்காமல் எடுத்துவிடுவதா? ஆர்டரை ரத்து செய்வதா? தை வரை நிறுத்தி வைக்கச் சொன்னால் எனக்கு நஷ்டம் உண்டா? இப்படிக் காத்திருந்து வாங்கியவர்கள் நம் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பீளமேடு பட்டறை, 14 டிசம்பர் 2025

வணக்கம் அண்ணா. கார் கம்பெனிகளுக்கு வார்ப்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. சிறப்புப் பதிப்பு ஏன் இழுக்கிறது என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆலையில் பெயின்ட் பிரிவு நாள் முழுவதும் வெள்ளை, சாம்பல் என்று அதிகம் விற்கும் நிறங்களையே ஓட்டும். ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் குழாயையும் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியையும் கழுவ வேண்டும். பெயின்டும் வீண், நேரமும் வீண். அதனால் அபூர்வமான நிறத்தைச் சேர்த்து வைத்து ஒரே தொகுப்பாக அடிப்பார்கள். உங்களுக்கு இது புதிதல்ல, சாயப்பட்டறையில் சின்ன லாட்டை யாரும் உடனே ஏற்ற மாட்டார்கள் அல்லவா, அதேதான்.

பெயின்டை விடப் பெரிய சிக்கல் உதிரிபாகம். அந்தப் பதிப்புக்கு மட்டும் தனி சீட் துணி, தனித் தையல் நூல், தனிச் சின்னம், நீங்கள் சொன்ன எண் தகடு. சில நூறு செட்டுக்கு எந்த சப்ளையரும் மிஷினை ஒதுக்க விரும்ப மாட்டார். மாதாமாதம் ஆயிரக்கணக்கில் எடுக்கும் பொருளுக்குத்தான் முதலிடம். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு பொருளின் முதல் மாதிரி ஆய்வில் நிராகரிக்கப்பட்டால், மறுபடி செய்து ஒப்புதல் வாங்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மற்ற எல்லாம் முடிந்த கார்கூட ஆலை முற்றத்தில் நிற்கும்.

ஷோரூம்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் கணினியில் ஆர்டர் நிலை ஒரு வரியில் தெரியும், அவ்வளவுதான். உங்கள் பெயருக்கு சேஸிஸ் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண், ஒதுக்கப்படும் வரை அவர்கள் சொல்லும் தேதி எல்லாம் ஊகம். ஆகையால் முதலில் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் வண்டி இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் 27ஆம் தேதியும் பழைய தேதிகளைப் போலத்தான்.

திருச்செங்கோடு லாரி, 14 டிசம்பர் 2025

என்னைக் கேட்டால் ரத்து செய்துவிட்டு இருப்பில் உள்ள நல்ல வண்டியாகப் பார்த்து எடுங்கள். பச்சை ஓட்டினாலும் வெள்ளை ஓட்டினாலும் சங்ககிரி மேடு ஒன்றுதான். இன்னொரு விஷயம்: கார் ஏற்றும் லாரி ஒரே திசைக்கு முழு லோடு சேராமல் கிளம்பாது. ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று சொன்னாலும் அது லாரி ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை.

விஜயமங்கலத்துக்காரன், 15 டிசம்பர் 2025

லாரிக்கார அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வேறு வண்டி எடுப்பதாக இருந்தால் ஆகஸ்டிலேயே எடுத்திருப்பேன். முன்பெல்லாம் நான் இரவு யூனிட்டிலிருந்து வந்ததும் அப்பா, கார் சங்கதி என்ன ஆனது என்று கேட்பார். தீபாவளிக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். வேறு நிற வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்த என்னால் முடியாது.

பீளமேட்டுத் தம்பிக்கு மிக்க நன்றி. நீங்கள் பத்து வரியில் சொன்னதை எட்டு மாதத்தில் அவர்கள் ஒருமுறை சொல்லியிருந்தால் இந்த மனக்கசப்பே வந்திருக்காது. சீட் துணி வரவில்லை, இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றால் எனக்கு விளங்காதா? சேஸிஸ் எண்ணைக் கேட்டிருக்கிறேன்.

பொள்ளாச்சி ஆசிரியை, 15 டிசம்பர் 2025

தம்பி, நானும் என் கணவரும் 2021இல் ஒரு கார் முன்பதிவு செய்து பதினொரு மாதம் காத்திருந்தோம். உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு இருந்த நேரம். எங்களுக்கும் ஆடி முதல் வாரத்தில்தான் வந்தது. மாமியார் சம்மதிக்கவில்லை. ஆடிப் பெருக்கு அன்று எடுத்தோம், பதினைந்து நாள் தள்ளியதால் வானம் இடிந்து விழவில்லை.

மார்கழி விஷயத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி தயாராகிவிட்டது என்கிறார்கள் என்றால் அது 2025 தயாரிப்பு. டிசம்பரில் எடுத்தாலும் தையில் எடுத்தாலும் தயாரிப்பு ஆண்டு மாறப்போவதில்லை. பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஒரு பக்கம் இருக்கும், பதிவு செய்த தேதி தனியாக இருக்கும். பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் தயாரிப்பு ஆண்டைத்தான் முதலில் பார்ப்பார். ஆக, மார்கழியில் எடுப்பதால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் ஒரு வண்டி கணக்கில் ஏற வேண்டும் என்பது அவர்கள் அவசரம்.

ஆனால் ஜனவரியில் விலை ஏற்றுவது கார் கம்பெனிகளின் வழக்கம். டிசம்பர் விலைக்கே தையில் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு தள்ளிப்போடுங்கள்.

வண்டி வந்ததும் பில் போடுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். சேஸிஸ் எண்ணில் பதினேழு இலக்கம் இருக்கும். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். 2025க்கு எஸ், 2024க்கு ஆர். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 3825 என்றால் 2025ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். வெயிலில் நிறுத்தச் சொல்லி பெயின்டைப் பாருங்கள், ஷோரூம் விளக்கில் கீறல் தெரியாது. எங்கள் வண்டியில் பின்கதவு ஓரத்தில் மறுபெயின்ட் அடித்திருந்ததை என் கணவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது மூன்றாம் நாள், அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஈரோடு வழக்கறிஞர், 16 டிசம்பர் 2025

ஐயா, சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொலைபேசியில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். முன்பதிவு செய்த தேதி, கட்டிய தொகை, பழைய காரைக் கொடுத்த தேதி, அவர்கள் சொன்ன ஒவ்வொரு தேதி, இவற்றையெல்லாம் வரிசையாக எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஷோரூமுக்கு அனுப்புங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல். உங்கள் கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதிகள் போதும். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று முடியுங்கள். இதற்கே பெரும்பாலும் மேலாளர் நேரில் பேசுவார்.

பேசவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், கோவைக்கு அலைய வேண்டாம், ஈரோட்டிலேயே முடியும். கட்டணம் உங்கள் தொகைக்கு 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். கார் எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா என்று உடனே பாருங்கள். உங்கள் வழக்கில் வலுவான பகுதி அதுதான்.

இன்னொன்று. ஏப்ரலில் உங்களுக்குச் சொன்ன விலை பழைய வரிக் கணக்கில் சொன்னது. அப்போது பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. செப்டம்பர் 22 முதல் செஸ் இல்லாமல் மொத்தம் 40 சதவீதம். பில் போடும் நாளின் வரிதான் பொருந்தும். விலை குறைந்திருக்கிறதா என்று புதிய விலைப்பட்டியலைக் கேளுங்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நம் மாநிலத்தில் 20 சதவீத ஆயுள் கால சாலை வரி என்பதால், விலையில் வரும் வித்தியாசம் அந்த வரியிலும் வரும்.

விஜயமங்கலத்துக்காரன், 24 டிசம்பர் 2025

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வழக்கறிஞர் தம்பி சொன்னபடி ஒரு பக்கத்தில் தேதிகளை மட்டும் எழுதி அனுப்பினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு தேதி சொல்லியிருக்கிறார்கள், ஆறும் வெவ்வேறு ஆள். நான்காம் நாள் மேலாளரே யூனிட்டுக்கு வந்தார். வயதில் சின்னவர். டீ குடித்துக்கொண்டே, ஐயா இந்தப் பதிப்பில் எங்களுக்கு ஒதுக்கியதே நான்கு வண்டி, சீட் சப்ளையரிடம் இரண்டு மாதம் நின்றுபோனது, அதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு என்றார். பீளமேட்டுத் தம்பி, நீங்கள் சொன்னது அப்படியே. அந்த மேலாளர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லாதே என்று உத்தரவு போட்டவர் யாரோ, அவர் மேல் இன்னும் இருக்கிறது.

சேஸிஸ் எண் வந்துவிட்டது. பத்தாவது எழுத்து எஸ். தகடு எண் 212. தை இரண்டாம் தேதி எடுப்பது, விலை டிசம்பர் விலை, அதற்கு முன் நேரில் பார்த்த பிறகே பில், இந்த மூன்றையும் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். புதிய வரியில் விலையும் குறைந்திருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் ரசீது அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஷெட்டிலிருந்து மக்காச்சோளத்தை இன்று அள்ளிவிட்டோம்.

லாரி சேலம் தாண்டிவிட்டதாம், நாளைக் காலை எட்டு மணிவாக்கில் எங்கள் சுங்கச்சாவடியைக் கடக்கும் என்று ஓட்டுநரின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், காலையில் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடியில் மாட்டினார்.